கூலன்ட் சென்சார் வாங்கும் முன் ஒரு 330 ஓம் ரெசிஸ்டர் வாங்குங்கள்

சாவியை ஆன் செய்ததுமே, எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முன்பே, ரேடியேட்டர் ஃபேன் விர்ரென்று சுற்றுகிறது. மைலேஜ் அடி வாங்கியிருக்கிறது. சைலன்சர் வாயில் விரலை வைத்துத் தேய்த்தால் கரி ஒட்டுகிறது. செக் எஞ்சின் விளக்கு சில நாள் எரிகிறது, சில நாள் எரிவதில்லை. இப்படி ஒரு பெட்ரோல் கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "கூலன்ட் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் புது சென்சார் போட்ட பிறகும் அதே கதை தொடர்ந்தால், அடுத்து தெர்மோஸ்டாட், அடுத்து ஃபேன் ரிலே, அடுத்து "எஞ்சின் கம்ப்யூட்டர் இசியூ-வே போயிருக்கும் போல" என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எவ்வளவு சூடு என்று அளக்கும் இந்த சென்சார் தவறாகச் சொல்கிறதா, சரியாகச் சொன்னதை ஒயர் திரித்துவிட்டதா, அல்லது எஞ்சின் உண்மையிலேயே அந்தச் சூட்டில்தான் இருக்கிறதா? இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. பிரிக்கத் தேவையானவை: ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், இசியூ படிக்கும் எண்களைப் போனில் காட்டும் புளூடூத் ஓபிடி ஸ்கேனர், மூன்று ரெசிஸ்டர்கள். கடைசியாகச் சொன்னது சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

அந்தச் சின்னப் பித்தளைக் கட்டைக்குள் என்ன இருக்கிறது

உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். இசியூ தன் உள்ளேயே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பும். சென்சார் அதை எர்த்துக்கு இழுக்கும். நடுவில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதை இசியூ படித்து டிகிரியாக மாற்றிக்கொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் வோல்டேஜ் அதிகம், சூடானால் குறைவு. அவ்வளவுதான் அதன் வேலை.

நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை, சென்சார் செய்தது பாஷ் ஆனாலும் டென்சோ ஆனாலும், ஒரே குடும்பத்து அளவுகளைத்தான் பயன்படுத்துகின்றன. இந்த எண்களைப் போனில் குறித்து வைத்துக்கொள்ளலாம்:

20 டிகிரியில் சுமார் 2,500 ஓம்
30 டிகிரியில் சுமார் 1,700 ஓம்
40 டிகிரியில் சுமார் 1,170 ஓம்
60 டிகிரியில் சுமார் 600 ஓம்
80 டிகிரியில் சுமார் 320 ஓம்
100 டிகிரியில் சுமார் 187 ஓம்

விதிவிலக்கு உண்டு. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வழி வந்த கார்களில் 20 டிகிரியில் 3,500 ஓம் அளவுக்கு இருக்கும். பழைய ஃபோர்டு சென்சார்கள் சில சாதாரண அறைச் சூட்டில் 30,000 ஓம் வரை காட்டும். ஆகவே உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் அட்டவணை இருந்தால் அதுவே கடைசி வார்த்தை. இனி வரும் கணக்கெல்லாம் மேலே உள்ள 2,500 ஓம் வகைக்கு.

எந்தப் பக்கம் பொய் சொல்கிறது

இசியூ இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பல முடிவுகளை எடுக்கிறது. ஸ்டார்ட் ஆகும்போது எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது, ஐடில் எவ்வளவு தூக்கி வைப்பது, இக்னிஷன் டைமிங், ஃபேன் எப்போது போடுவது, ஏசி கம்ப்ரசரை எப்போது வெட்டுவது எல்லாம் இதில்தான். அதனால் அறிகுறியைப் பார்த்தே பொய் எந்தத் திசையில் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது "குளிராக இருக்கிறேன்" என்று சொன்னால் பெட்ரோல் அதிகம் போகும். கரும்புகை, பெட்ரோல் நாற்றம், கரி பிடித்த ஸ்பார்க் பிளக், மைலேஜ் சரிவு. பெட்ரோல் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்டரைச் சுற்றினால் பிடித்துக்கொள்கிறது என்றால், உள்ளே பெட்ரோல் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பல கார்களில் முழு மிதியில் இசியூ இன்ஜெக்டரை நிறுத்திவிடும்.

காலையில் குளிர்ந்த எஞ்சின் "சூடாக இருக்கிறேன்" என்று சொன்னால் பெட்ரோல் போதாமல் போகும். நீண்ட நேரம் சுற்றினால்தான் பிடிக்கும், பிடித்ததும் நின்றுவிடும், இரண்டாவது மூன்றாவது முறையில் சரியாகும். சூடேறிவிட்டால் ஒரு குறையும் தெரியாது. மதியம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் வண்டி தங்கமாக ஓடும்.

டீசலில் இன்னொரு தடயம். சென்னை வெயிலில் காலை 30 டிகிரியிலும் குளிர் ஸ்டார்ட்டுக்கு எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்கின் விளக்கு நீண்ட நேரம் எரிந்துகொண்டே இருந்தால், யாரோ இசியூவிடம் இமயமலையில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மீட்டர் போர்டில் உள்ள ஊசியை நம்பாதீர்கள். இப்போதைய கார்களில் ஊசி நேர்மையாக அசைவதில்லை. நடுவில் ஒரு பெரிய வரம்புக்குள் கூலன்ட் எங்கே இருந்தாலும் ஊசி நடுவிலேயே நிற்கும்படி நிறுவனமே அமைத்திருக்கும். பல சின்ன கார்களில் ஊசியே இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான்.

சென்சாரைத் தொடும் முன்

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் கழுத்து வரை இருக்கிறதா பாருங்கள். பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. மூடியின் வால்வு போயிருந்தால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காய்ந்திருக்கும். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்க வேண்டாம். உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர் திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

கூலன்ட் குறைவு ஏன் முதலில் வருகிறது என்றால், சென்சாரின் மூக்கு திரவத்தில் முங்கியிருந்தால்தான் அது ஒழுங்காகச் சொல்லும். காற்றுக்குமிழில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே 70, 75 என்று காட்டும். ஃபேன் ஓடாது. சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போகும் வரை விளக்கும் எரியாது. இங்கே சென்சார் நல்ல சென்சார்தான். தண்ணீர் இல்லாத இடத்தில் நின்று தண்ணீரின் சூட்டைக் கேட்டால் அது என்ன செய்யும்?

அடுத்து தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் மூடிவைக்கும் வால்வு. "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றி எறியும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கார்ப்பரேட்டர் காலத்தில் அது ஓடியிருக்கலாம். இன்ஜெக்‌ஷன் காரில் இது நேரடியாக பெட்ரோல் செலவு. தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்க வேண்டியது; அது இல்லையென்றால் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் கூலன்ட் 60, 65-க்கு இறங்கிவிடும். இசியூ எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கூடுதலாகவே பீய்ச்சிக்கொண்டிருக்கும். ஸ்கேனரில் பி0128 கோடு (இசியூ பதிந்து வைக்கும் கோளாறு எண்) வந்திருந்தால் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல்தான் விழ வேண்டும். சோதிப்பது எளிது: ஸ்கேனரைப் போட்டு ஓட்டுங்கள். சிக்னலில் நிற்கும்போது 85-க்கு ஏறி, வேகமெடுத்ததும் 65-க்கு இறங்கினால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. ஸ்டார்ட் செய்த இரண்டே நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மெல்ல வெதுவெதுப்பாகத் தொடங்கினாலும் அதே முடிவு. ஒழுங்கான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்வரை அந்த ஹோஸ் குளிர்ந்திருந்து, திறந்ததும் சட்டென்று சுடும்.

காலை நேரப் பரிசோதனை

இரவு முழுக்க, குறைந்தது எட்டு மணி நேரம், வண்டி நிழலில் நிற்கட்டும். காலையில் சாவியை ஆன் மட்டும் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலன்ட் டெம்பரேச்சர், இன்டேக் (எஞ்சின் உள்ளிழுக்கும்) காற்று டெம்பரேச்சர். இரண்டும் வெளிச் சூட்டோடு ஒத்துப்போக வேண்டும். 28 டிகிரி காலையில் 27-ம் 29-ம் என்றால் சரி. ஐந்து டிகிரி வரை வித்தியாசம் பொறுக்கலாம். கூலன்ட் 45 என்றால் எங்கோ மின்சாரக் கசிவு. கூலன்ட் மைனஸ் 40 என்றால் சர்க்யூட் அறுந்திருக்கிறது.

அந்த மைனஸ் 40 எங்கிருந்து வருகிறது? ஓபிடி முறையில் இந்தச் சூடு 0 முதல் 255 வரையிலான ஒரு எண்ணாக வரும். அதிலிருந்து 40-ஐக் கழித்ததே டிகிரி. எண் பூஜ்யம் என்றால் மைனஸ் 40, அதற்குக் கீழே சொல்ல வழியே இல்லை. அதாவது ஸ்கேனர் "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று சொல்வதன் டிகிரி வடிவம் அது.

கோடுகளை இப்படிப் படியுங்கள். பி0118 என்றால் வோல்டேஜ் மிக அதிகம்: ஒயர் அறுந்தது, கனெக்டர் கழன்றது, சென்சார் உள்ளே விட்டுப்போனது. பி0117 என்றால் மிகக் குறைவு: இரண்டு ஒயரும் உரசிக்கொண்டது அல்லது சென்சார் உள்ளே ஷார்ட். பி0119 விட்டுவிட்டு வருவது. பி0116 என்றால் எண் வரம்புக்குள்தான், ஆனால் நடத்தை சரியில்லை. கோடு இல்லையென்றால் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 20 டிகிரி கூட்டியோ குறைத்தோ பொய் சொல்லும் சென்சார் பெரும்பாலும் எந்தக் கோடையும் எழுப்பாது; அது சொல்வது நம்பும்படியான பொய்.

கழற்று, இணை

சாவி ஆஃப். சென்சாரைத் தேடுங்கள். பெரும்பாலும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலோ, சிலிண்டர் ஹெட்டில் கூலன்ட் வெளியேறும் முனையிலோ இருக்கும். இரண்டு பின் கனெக்டர் என்றால் நேரடியான வேலை. பழைய கார்களில் குழப்பம் உண்டு: மீட்டர் ஊசிக்குச் சூட்டைச் சொல்லும் ஒற்றை ஒயர் சென்டர் (sender) தனி, இசியூவுக்கு இரண்டு ஒயர் சென்சார் தனி, ரேடியேட்டர் அடியில் ஃபேன் சுவிட்ச் தனி. ஊசி தவறாகக் காட்டுகிறது என்று இசியூ சென்சாரை மாற்றுவது இப்படித்தான் நடக்கிறது. சிஎன்ஜி கிட் வெளியில் போட்ட காரில் இன்னொன்றும் சேரும். கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் கிட்டின் ரெடியூசரிலேயே ஒரு சூட்டு சென்சார் இருக்கும்; வண்டி கேஸுக்கு மாற மாட்டேன் என்கிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள், எஞ்சின் சென்சாரை அல்ல.

கனெக்டரைப் பிடிக்கும்போது உடம்பைப் பிடியுங்கள், ஒயரை இழுக்காதீர்கள். எஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் பூட்டு முறுக்கு போல உடையும். கையை ஃபேனுக்கு எட்டாமல் வையுங்கள். கழற்றியதும் அது சுற்றக்கூடும்.

கனெக்டரைக் கழற்றிவிட்டு சாவியை ஆன் செய்தால் ஸ்கேனர் மைனஸ் 40-க்குப் போக வேண்டும், பெரும்பாலான கார்களில் ஃபேனும் ஓட வேண்டும். சூடு தெரியாவிட்டால் ஃபேனைப் போட்டு எஞ்சினைக் காப்பாற்று என்பது இசியூவுக்கு எழுதப்பட்ட கட்டளை. தொடக்கத்தில் சொன்ன, சாவி போட்டதும் சுற்றும் ஃபேனுக்கு இதுதான் காரணம். அது கோளாறு அல்ல, தற்காப்பு. கழற்றியும் ஃபேன் ஓடவில்லை, ஏசி போட்டாலும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் பக்கம் போங்கள்.

சில இசியூக்கள் கழற்றியதும் மைனஸ் 40 காட்டாமல் 80 போன்ற ஒரு கற்பனை எண்ணைக் காட்டும். சென்சார் இல்லாமலும் வண்டி ஓடட்டும் என்று தானாகவே போட்டுக்கொள்ளும் எண் அது. கழற்றிய பிறகும் எண் அசையாமல் அழகாக நின்றால் ஏமாறாதீர்கள். மல்டிமீட்டரைக் கனெக்டரில் வைத்து வோல்டேஜைப் பாருங்கள். ஒரு பின்னில் ஏறக்குறைய 5 வோல்ட், மற்றதில் பூஜ்யம். 5 வோல்ட் வருவது சிக்னல், மற்றது எர்த். 12 வோல்ட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்பை இங்கே கொண்டுவராதீர்கள்.

அடுத்து இரண்டு பின்னையும் மெல்லிய ஒயரால் இணைத்தால் ஸ்கேனர் 120-க்கு மேலே பாய வேண்டும். தடித்த புரோபைக் கனெக்டருக்குள் குத்தினால் பின் விரிந்து, இல்லாத கோளாறு ஒன்று புதிதாகப் பிறக்கும். குண்டூசி போதும். மூன்று பின், நான்கு பின் கனெக்டரில் எது எது என்று தெரியாமல் எதையும் இணைக்க வேண்டாம்.

கழற்றினால் மைனஸ் 40, இணைத்தால் 120-க்கு மேல். இது நடந்துவிட்டால் "ஒயரிங்கும் இசியூவும் ஓகே, சென்சார்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவசரம் அது.

ரெசிஸ்டர் ஏன்

கழற்றி இணைக்கும் சோதனை இரண்டு கடைக்கோடி எல்லைகளை மட்டும் சோதிக்கிறது. ஒயரில் 100 ஓம் கூடுதல் தடை இருந்தாலும் அது தேறிவிடும். கனெக்டர் பின்னில் களிம்பு ஏறினாலோ, எலி கடித்து நான்கைந்து இழை மட்டும் மிஞ்சினாலோ, எஞ்சின் எர்த் போல்ட்டில் துரு பிடித்தாலோ இந்த மாதிரித் தடை வரும்.

அந்த 100 ஓம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் எஞ்சின் 30 டிகிரி. சென்சார் 1,700, ஒயர் 100, மொத்தம் 1,800. இசியூ படிப்பது 28 அல்லது 29. யாருக்கும் தெரியாது. எஞ்சின் 80-க்கு வந்ததும் சென்சார் 320, மொத்தம் 420. இசியூ படிப்பது 71. எஞ்சின் 100-ஐத் தொட்டதும் சென்சார் 187, மொத்தம் 287; இசியூ படிப்பது 84. ஃபேன் போட வேண்டிய சூடு வந்துவிட்டது, இசியூவோ இன்னும் நேரமிருக்கிறது என்று உட்கார்ந்திருக்கும். ஒரே 100 ஓம் காலையில் ஒரு டிகிரி, கொதிநிலையில் பதினாறு டிகிரி.

இப்போது தலைகீழாக. கனெக்டருக்குள் கூலன்ட் ஊறி, இரண்டு பின்னுக்கும் நடுவே 2,000 ஓம் அளவுக்கு ஈரப்பாலம் போட்டிருக்கிறது என்று வையுங்கள். 80 டிகிரியில் 320 ஓமுக்குப் பக்கத்தில் இந்த 2,000 பெரிதாக எதையும் மாற்றாது. இசியூ 85 என்று படிக்கும். ஆனால் காலை 30 டிகிரியில் 1,700 ஓமும் 2,000 ஓமும் இணையாகச் சேர்ந்து 920 ஆகிவிடும். இசியூ படிப்பது 47. குளிர் ஸ்டார்ட்டில் பெட்ரோல் போதாமல் திணறும் வண்டி.

வரிசையில் சேரும் தடை சூட்டில் பொய் சொல்லும். குறுக்கே கசியும் ஈரம் குளிரில் பொய் சொல்லும். காலையில் ஒத்துப்போய், சூட்டில் குறைத்துக் காட்டினால் கனெக்டர் களிம்பையும் எர்த்தையும் தேடுங்கள். சூட்டில் ஒத்துப்போய், காலையில் கூட்டிக் காட்டினால் ஈரத்தைத் தேடுங்கள். கனெக்டரைக் கழற்றும்போது உள்ளே பச்சையோ இளஞ்சிவப்போ கூலன்ட் ஈரம் தெரிந்தால் சென்சார் உள்ளேயிருந்தே கசிகிறது. அது ஒன்றே அதை மாற்றப் போதுமான காரணம்.

இனி ரெசிஸ்டர். கழற்றிய கனெக்டரின் இரண்டு பின்னிலும், சென்சாருக்குப் பதிலாக, 330 ஓம் ரெசிஸ்டரின் கால்களைச் செருகுங்கள். ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன் பட்டை. சாவி ஆன். ஸ்கேனர் 79 அல்லது 80 காட்ட வேண்டும். கால்வாசி வாட் ரெசிஸ்டருக்கு 5 சதவீதப் பிழை இருக்கும், அதனால் ஒன்றிரண்டு டிகிரி இப்படி அப்படி. 70 காட்டினால் ஒயரில் ஏறக்குறைய 100 ஓம் ஒளிந்திருக்கிறது. இனி எத்தனை புது சென்சார் போட்டாலும் தீராது. அடுத்து 2,200 ஓம், சிவப்பு, சிவப்பு, சிவப்பு: 23 டிகிரி பக்கம் காட்ட வேண்டும். 180 ஓம் போட்டால் 101 பக்கம் போகும், ஃபேனும் ஓட வேண்டும். எஞ்சினைக் கொதிக்க வைக்காமலே ஃபேன் சர்க்யூட்டைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்று ரெசிஸ்டருக்கும் சரியான டிகிரி வந்துவிட்டால் ஒயரிங், எர்த், இசியூ மூன்றும் தேறின. இப்போது சென்சார் மேல் சந்தேகப்படலாம்.

330-க்கு 70 வந்தவர்கள் எர்த்தைப் பாருங்கள். சென்சாரைத் திரும்ப மாட்டி, எஞ்சின் சூடாக ஓடும்போது, கனெக்டரின் பின்பக்கமிருந்து எர்த் ஒயரைக் குண்டூசியால் தொட்டு, மல்டிமீட்டரின் மறுமுனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இந்த சர்க்யூட்டில் ஓடுவது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான், 0.2 வோல்ட் என்பது கேட்கச் சின்ன எண்ணாக இருந்தாலும் இங்கே நூறு ஓம் அளவுத் தடை. எர்த் சுத்தமாக இருந்தும் 70 என்றால் சிக்னல் ஒயரை கனெக்டரிலிருந்து இசியூ வரை பாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒயர் கட்டு வளையும் இடம், ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் எலி கூடு கட்டும் இடம், இந்த இரண்டையும் முதலில்.

சில கார்களில் சூடேறும்போது 50 டிகிரி பக்கத்தில் வோல்டேஜ் ஒரு வோல்ட்டிலிருந்து மூன்றரைக்குத் திடீரென்று குதித்து, மறுபடி இறங்கத் தொடங்கும். இசியூ உள்ளே ரெசிஸ்டரை மாற்றிக்கொள்வதால் வருவது அது, கோளாறில்லை. அந்த வகைக் கார்களில் வோல்டேஜைப் பார்த்து முடிவு செய்யாமல் டிகிரியைப் பாருங்கள்.

சென்சாரை வேக வைப்பது

கழற்றும் முன் வண்டியிலேயே வைத்து அளக்கலாம். காலையில் கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு காலிலும் மீட்டரை வைத்து ஓம் பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி ஃபேன் ஒருமுறை ஓடி நின்றதும், ஆஃப் செய்து மறுபடி அளங்கள். சூட்டு எண்ணை எதோடு ஒப்பிடுவது? இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் சென்சாருக்குப் பக்கத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பைக் குறிபார்த்து அளங்கள். பளபளக்கும் அலுமினியத்தை நேராக அளந்தால் பாதிச் சூடுதான் காட்டும். டேப் மேலேயும் உள்ளிருக்கும் கூலன்ட்டைவிடச் சில டிகிரி குறைவாகவே வரும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் சென்சாரைக் கழற்றி, பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மூக்கு மட்டும் முங்க, அடியையும் விளிம்பையும் தொடாமல் ஒயரில் தொங்கவிடுங்கள். கூடவே தெர்மாமீட்டர். 30, 40, 60, 80, பிறகு கொதி என்று குறித்துக்கொண்டே வாருங்கள். சூடு ஏறும்போது எண் படிப்படியாக இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தாவினாலோ, திடீரென்று மீட்டர் ஓபன் காட்டினாலோ உள்ளே விரிசல். ஆறும்போதும் ஒருமுறை பாருங்கள், ஏறும்போது நன்றாக இருந்து இறங்கும்போது விட்டுப்போகிறவை உண்டு. கொதித்தாலே 100 என்று எழுதிவிடாதீர்கள்: ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

கழற்றிய சென்சாரின் மூக்கையும் பாருங்கள். கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில், வெந்நீர் வைக்கும் குண்டானின் அடி போல, வெள்ளைக் காரை படிந்திருக்கும். காரை சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். சென்சார் கடைசியில் சரியான எண்ணையே சொல்லும், ஆனால் தாமதமாக. லீக் அடைக்கும் பவுடர் போட்ட வண்டியிலும் இதே கதை. காரை படிந்த சென்சாரைச் சுரண்டி மாட்டுவதைவிட, ரேடியேட்டரையும் சேர்த்துக் கழுவிவிட்டுப் புதிது போடுவது நல்லது. சென்சார் மேல் அவ்வளவு படிந்திருந்தால் எஞ்சின் தண்ணீர் வழிகளில் என்ன படிந்திருக்கும் என்று யோசியுங்கள்.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஸ்கேனரின் கிராஃப்தான் மருந்து. லிட்டர் கணக்கில் ஓடும் கூலன்ட் ஒரு நொடியில் 30 டிகிரி ஏறவோ இறங்கவோ முடியாது. கிராஃபில் அப்படி ஒரு பல் தெரிந்தால் மின்சாரக் கோளாறு. எஞ்சின் ஓடும்போது ஒயரை மெல்ல ஆட்டுங்கள், கனெக்டரை அழுத்துங்கள். எந்த அசைவில் பல் முளைக்கிறதோ அங்கேதான் இருக்கிறது. பல் இல்லாமல் சில நொடிகளில் அலை அலையாக ஏறி இறங்கினால் காற்றுக்குமிழ் சுற்றுகிறது. காற்றை வெளியேற்றிய பிறகும் குமிழ் திரும்பத் திரும்ப வந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பற்றிப் பேச வேண்டிய நேரம்.

மாற்றுவது

புது சென்சாரை மாட்டும் முன் கடைக் கவுண்டரிலேயே ஓம் பாருங்கள். 30 டிகிரி அறையில் 1,700 பக்கம் காட்ட வேண்டும். திருகு நூல் (thread) ஒன்றே, கனெக்டர் ஒன்றே, அளவு மட்டும் வேறு குடும்பம் என்று பொருந்திவிடும் சென்சார்கள் இருக்கின்றன. பொருந்துகிறது என்பதால் சரியானது ஆகிவிடாது. பார்ட் நம்பரை ஒப்பிடுங்கள்.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்கட்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டு, மறுபடி மூடிவிடுங்கள். மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் பிடித்துக் கூலன்ட் குறைவாகவே கொட்டும். புது சென்சாரைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பழையதை 19 எம்எம் ஆழ சாக்கெட்டால் கழற்றி உடனே மாற்றினால் ஒரு டம்ளர் அளவுதான் போகும். பல கார்களில் திருகே இல்லை, ஒரு கம்பிக் கிளிப்பும் ஓ-ரிங்கும்தான். அங்கே புது ஓ-ரிங்கில் கொஞ்சம் கூலன்ட் தடவிச் செருகுங்கள், பழைய ஓ-ரிங் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு. திருகு வகைக்குப் புது வாஷர், 15 நியூட்டன் மீட்டர் பக்கம் இறுக்கம் போதும். அலுமினிய நூல் ஒருமுறை வழுக்கினால் ஹவுசிங்கோடு போய்விடும். ஒற்றை ஒயர் சென்டரில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதற்கு எர்த்தே அந்த நூல் வழியாகத்தான்.

கனெக்டர் பின்னை கான்டாக்ட் கிளீனரால் கழுவி, காய்ந்த பிறகு மாட்டுங்கள். கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீரோடு கலந்து நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஹோஸ்களைப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் நிரப்பி மூடுங்கள். கோடுகளை அழியுங்கள்.

ஃபேன் இரண்டு முறை தானாக ஓடி நிற்கும் வரை ஐடிலில் விட்டு, எந்த டிகிரியில் ஓடத் தொடங்கியது, எதில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன், கூலன்ட்டும் இன்டேக் காற்றும் எத்தனை டிகிரி என்று ஒருமுறை. ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃபியூயல் டிரிம்மைப் பாருங்கள், அதாவது இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்பதை. முன்பு மைனஸ் 15 பக்கம் கிடந்தது பூஜ்யத்தை நோக்கி வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், கூடுதல் பெட்ரோல் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கிறது. ஒழுகும் இன்ஜெக்டர், ஃபியூயல் பிரஷர், டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு என்று அங்கிருந்து தொடருங்கள்.